பதினேழில் ஒரு பட்டி: கஸ்பேஸ்-3 பிறபொருளெதிரியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இறுதியாண்டு ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் பலர் ஏதோ ஓர் இலையோடுதான் வருகிறார்கள். வேப்பிலை, குறிஞ்சா, முருங்கை, சிலவேளை வாவிக்கரைக் கண்டல் மரத்தின் பட்டை. சாறு எடுத்து, புற்றுநோய்க் கலங்களில் விட்டு, கலங்கள் செத்தன என்று ஒரு வரைபு போடுவார்கள். வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் யாராவது ஒருவர், “சரி, எப்படிச் செத்தன?” என்று கேட்பார். அங்கேதான் தம்பி, தங்கச்சிமார் நின்றுவிடுவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எல்லோரும் முதலில் தேடுவது கஸ்பேஸ்-3 என்ற நொதியத்தைக் காட்டித்தரும் பிறபொருளெதிரியை. ஆய்வுகூடப் பேச்சில் அன்டிபொடி. நூறு மைக்ரோலீற்றர் கொண்ட ஒரு சின்ன ரியூப், மாணவர் ஒருவரின் மாதச் செலவை விழுங்கும் விலை, கொழும்பு முகவர் ஊடாக ஓர்டர் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பு. இவ்வளவும் பட்டுக் கையில் வந்ததை முதல் வாரத்திலேயே வீணாக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் வீணாக்கியிருக்கிறேன், அதனால் எங்கெங்கே வீணாகும் என்று தெரியும்.

முதலில் நொதியம்

கலம் அடிபட்டு வெடித்துச் சாவது ஒரு வகை. தானே ஒழுங்குபடுத்திச் சுருங்கி, துண்டு துண்டாகப் பிரிந்து, பக்கத்துக் கலங்களுக்குத் தொந்தரவில்லாமல் அகன்றுபோவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதற்கு 1972இல் கேர், வைலி, கரி என்ற மூவரும் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மரம் சாகவில்லை, இலையை அதுவே விடுகிறது. ஒரு மில்லிமீற்றர் நீளமான நூற்புழு ஒன்றில், வளர்ச்சியின்போது உண்டாகும் 1090 உடற்கலங்களில் 131 இப்படித் திட்டப்படி உதிர்கின்றன. அதைத் தோண்டிய பிரெனர், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உதிர்வில் கத்தியாக வேலை செய்பவை கஸ்பேஸ்கள். அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பின்னால் புரதத்தை வெட்டும் நொதியங்கள். கஸ்பேஸ்-3 சாதாரண நேரத்தில் உறையில் போட்ட கத்திபோல், ஏறத்தாழ 32 முதல் 35 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) அளவில், வேலை செய்யாமல் கிடக்கும். சாவுக் கட்டளை வந்ததும் கஸ்பேஸ்-8 அல்லது 9 அதை 175ஆவது இடத்து அஸ்பார்டேற்றில் வெட்டும். 19 கிலோடால்டன் துண்டு ஒன்றும் 12 கிலோடால்டன் துண்டு ஒன்றும் வரும். பிறகு அந்த 19இன் நுனியும் கழன்று 17 ஆகும். இந்த 17, 12 துண்டுகள் சேர்ந்ததுதான் உறையிலிருந்து எடுத்த கத்தி.

இதைப் பார்க்கும் முறைக்கு வெஸ்டேர்ன் புளொட் என்று பெயர். கலத்தின் புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் தேடுவோம். தேடிய புரதம் ஒரு கோடாகத் தெரியும், அதுதான் பட்டி. அந்தப் பதினேழு கிலோடால்டன் பட்டியைத் தொலைக்காமல் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. இது சின்னத் துண்டு, கொஞ்ச நேரம்தான் இருக்கும், ஒவ்வொரு படியிலும் நழுவப் பார்க்கும். கீழே சொல்லும் எல்லாமே அதைப் பிடித்து வைப்பதற்கான வழிகள்தான்.

எந்த ரியூபை வாங்குவது

கஸ்பேஸ்-3 பிறபொருளெதிரி என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான சாமான் விற்கிறார்கள். ஒன்று வெட்டப்படாத முழுப் புரதத்தையும் பிடிக்கும், சிலவேளை வெட்டிய துண்டையும் சேர்த்துப் பிடிக்கும். மற்றது 175ஆவது இடத்தில் வெட்டியபின் வெளிப்படும் புதிய நுனியை மட்டும் பிடிக்கும், முழுப் புரதத்தைக் கண்டுகொள்ளாது. செல் சிக்னலிங் நிறுவனத்தின் பட்டியலில் 9662 முதல் வகை. 9661உம் 9664உம் இரண்டாவது வகை. இவற்றில் 9661 முயலில் எடுத்த பல்கலத்தொடர் (பொலிக்குளோனல்) வகை, 9664 ஒரே கலத்தொடர் (மொனோகுளோனல்) வகை. வேறு கம்பனிகளிலும் இதே மாதிரி இரண்டு வகையும் கிடைக்கும்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் வெட்டிய துண்டைப் பிடிப்பதை வாங்குங்கள். முழுப் புரதம் உயிரோடிருக்கும் கலத்திலும் இருக்கும். அது இருக்கிறது என்று காட்டுவதில் எந்தச் செய்தியும் இல்லை. சிலர் முழுப் புரதப் பட்டி மங்கியதை வைத்து ‘செயற்பட்டது’ என்று எழுதுகிறார்கள். ஜெல்லில் குறைவாக ஏற்றினாலும் பட்டி மங்கும்தானே.

வாங்குவதற்கு முன் தரவுத்தாளில் மூன்று விடயங்களைப் பாருங்கள். உங்கள் கலம் மனிதனதா எலியினதா, அந்த இனத்தில் சோதித்திருக்கிறார்களா. வெஸ்டேர்ன் புளொட்டுக்குச் சரி என்று எழுதியிருக்கிறதா. எந்த விலங்கில் எடுத்தது. முயல் என்றால், அதன்மேல் ஒட்டிப் பட்டியைக் காட்டித்தரும் இரண்டாம் பிறபொருளெதிரி முயலுக்கு எதிரானதாக இருக்கவேண்டும். எலிக்கு எதிரானதை முயலோடு போட்டுவிட்டு இரண்டு நாள் வெள்ளை மெம்பிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எம்சிஎஃப்-7 என்ற பொறி

இதற்குத் தனித் தலைப்புப் போடக் காரணம் உண்டு. மூலிகைச் சாறு சோதிப்பவர்கள் அதிகம் எடுப்பது எம்சிஎஃப்-7 என்ற மார்புப் புற்றுநோய்க் கலவரிசை. வளர்ப்பது சுலபம், எல்லா இடத்திலும் இருக்கும். ஆனால் அந்தக் கலங்களில் கஸ்பேஸ்-3 இல்லை! அதன் மரபணுவில் 47 கார இணைகள் அழிந்துபோனதால் புரதம் உண்டாவதே இல்லை என்று 1998இலேயே காட்டிவிட்டார்கள். நீங்கள் எத்தனை தரம் ஓட்டினாலும் பதினேழில் ஒன்றும் வராது. சாறு வேலை செய்யவில்லை என்று நினைத்து அழாதீர்கள். இந்தக் கலங்களில் கஸ்பேஸ்-7ஐ, அல்லது கஸ்பேஸ்கள் வெட்டும் பார்ப் என்ற புரதம் வெட்டுப்படுவதைப் பாருங்கள். கஸ்பேஸ்-3ஐத்தான் பார்க்கவேண்டுமென்றால் ஹீலா, ஜேர்காட் என்ற கலவரிசைகளில் ஒன்றை எடுங்கள்.

வீட்டுக்கு வந்த சாமானை வைப்பது

இந்த வகைப் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் 50 வீதக் கிளிசரோலில் வரும். அதனால் -20 பாகையில் உறையாது, தேன்போல இருக்கும். உறையவில்லையே என்று -80இல் கொண்டுபோய் வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிடும். உறைந்து உருகி உறைந்தால்தான் கெடும். தானாகப் பனி நீக்கும் வீட்டுப் பிரிட்ஜின் மேல் அறையும் சரிவராது. அது பனியை உருக்க இடைக்கிடை தன்னைச் சூடாக்கிக்கொள்ளும்.

கரண்ட் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்கழி வெள்ளத்திலும் புயல் காலத்திலும் மின் போனால் எப்போது வரும் என்று தெரியாது. ரியூபை ஒரு சின்னத் தேமோகோல் பெட்டிக்குள், உறைந்த ஜெல் பைகளுக்கு நடுவில் வைத்து, அந்தப் பெட்டியோடு பிரீசருக்குள் வையுங்கள். கதவைத் திறக்காமல் விட்டால் பல மணிநேரம் தாங்கும். அப்படியும் பயப்படவேண்டாம். பிறபொருளெதிரி கொஞ்சம் உறுதியான புரதம், ஒரு நாள் குளிர் குறைந்ததால் செத்துப்போகாது. நொதியம் ஒட்டிய இரண்டாம் பிறபொருளெதிரியையும் ஒளிரும் இரசாயனத்தையும்தான் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்.

வெளியே எடுக்கும்போது ஐஸில் வையுங்கள். ஒரு நொடி சுழற்றி மூடியில் ஒட்டியதைக் கீழே இறக்குங்கள். கிளிசரோல் பிசுபிசுப்பு என்பதால் பிப்பெற்றை மெதுவாக இழுங்கள், நுனியின் வெளிப்பக்கத்தை ரியூபின் விளிம்பில் துடையுங்கள். அவசரப்பட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மைக்ரோலீற்றர் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகும். நூறில் இரண்டு என்பது சும்மா காசு அல்ல.

மாதிரி: மிதப்பதை ஊற்றாதீர்கள்

என் முதல் புளொட் வெறுமையாக வந்தது. மருந்து போட்ட கலங்கள் நுணுக்குக்காட்டியில் சுருங்கிக் கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், பட்டி இல்லை. மூன்று வாரம் பிறபொருளெதிரியைத் திட்டினேன். பிறகுதான் விளங்கியது. தட்டில் இருந்த ஊடகத்தை ஊற்றிவிட்டு, ஒட்டியிருந்த கலங்களை மட்டும் சுரண்டி எடுத்திருந்தேன். அப்போப்டோசிஸில் போகும் கலம் ஒட்டிக்கொண்டு இருக்காது, கழன்று மிதக்கும். நான் தேடிய சாட்சி முழுக்க அந்த ஊடகத்தோடு வாய்க்காலில் போய்விட்டது.

ஆகவே, ஊடகத்தை ஒரு ரியூபில் எடுங்கள். தட்டைப் பிபிஎஸ் என்ற குளிர்ந்த உப்புக் கரைசலால் அலசிய நீரையும் அதிலேயே சேருங்கள். ஒட்டியிருப்பவற்றையும் சுரண்டி அதிலேயே போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுழற்றி அடியில் இறக்குங்கள். அதன்மேல், புரதச் சிதைப்பைத் தடுக்கும் கலவை சேர்த்த, கலத்தை உடைக்கும் ரிப்பா பஃபர் விட்டு, ஐஸில் அரை மணிநேரம் வைத்து, 4 பாகையில் 14,000 ஈர்ப்பு விசையில் 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுங்கள்.

நேரமும் முக்கியம். ஒரு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று இருந்தால் செத்த கலங்கள் உடைந்து துண்டுகள் கரைந்துபோயிருக்கும். முதல் தடவை 4, 8, 16, 24 மணி என நான்கு தட்டுகள் வையுங்கள்.

சரியான கொன்ட்ரோல், அதாவது பட்டி கட்டாயம் வரும் என்று தெரிந்த மாதிரி, இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஜேர்காட் அல்லது ஹீலா கலங்களில் அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டோரோஸ்போரினை 1 மைக்ரோமோலர் அளவில் நான்கு மணிநேரம் விட்டால் வெட்டிய கஸ்பேஸ்-3 தெளிவாக வரும். அந்த மாதிரியை ஒரே தடவையில் நிறையச் செய்து, சிறு சிறு பங்காகப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு புளொட்டிலும் ஒரு குழிக்குப் போடலாம். அந்தக் குழியில் பட்டி வந்து உங்கள் சாற்றுக் குழியில் வராவிட்டால், அது ஒரு முடிவு. இரண்டிலும் வராவிட்டால் அது முடிவல்ல, பிழை.

நம் பக்கத்தில் கலவளர்ப்பை வேறு ஊரில் செய்துவிட்டு மாதிரியோடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: அங்கேயே புரத அளவைப் பார்த்து, ஜெல்லில் ஏற்றுவதற்கான லெம்லி பஃபர் சேர்த்து, 95 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கி முடித்துவிடுங்கள். புரதம் வெட்டும் நொதியங்கள் அதோடு செயலிழந்துபோகும். பச்சை மாதிரியைவிட இப்படி முடித்த மாதிரி கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக வந்துசேரும். ஐஸ் கரைந்தால் வழியில் மீன் வாடிகள் இருக்கவே இருக்கின்றன.

ஜெல்

பதினேழு கிலோடால்டனுக்கு 15 வீத ஜெல் ஊற்றுங்கள். 10 வீத ஜெல்லில் அந்தப் பட்டி சாயக்கோட்டோடு கீழே ஓடிப் பஃபருக்குள் விழுந்துவிடும். புரதத்தைப் பிரிக்கும் கீழ் ஜெல்லுக்கு, பத்து மில்லிலீற்றர் அளவு (மில்லிலீற்றரில்): நீர் 2.3, முப்பது வீத அக்ரிலமைட்டுக் கலவை 5.0, 1.5 மோலர் டிரிஸ் (பிஎச் 8.8) 2.5, பத்து வீத எஸ்டிஎஸ் 0.1, பத்து வீத அமோனியம் பேர்சல்பேற்று 0.1 மில்லிலீற்றர், கடைசியாக, ஜெல்லை உறையத் தூண்டும் டெமெட் 4 மைக்ரோலீற்றர். உறையாத அக்ரிலமைட்டு நரம்பைத் தாக்கும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையில், இந்தக் கலவை ஊற்றும்போதே கட்டியாகிவிடும். எல்லாக் கரைசலையும் முதலில் பிரிட்ஜில் குளிரவைத்து, டெமெட்டைக் கண்ணாடித் தகடுகள் தயாரானபின் மட்டும் விடுங்கள். மாரியில் பிரச்சினை எதிர்ப்பக்கம். பேர்சல்பேற்றுத் தூள் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போய், ஜெல் உறையவே உறையாது. போத்தலைத் திறந்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். தூள் கலகலவென்று உதிராமல் கட்டிபட்டிருந்தால் புதிதாக எடுங்கள்.

ஒரு குழிக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம் புரதம். எல்லாக் குழியிலும் ஒரே அளவு. மாதிரி மேல் ஜெல்லைக் கடக்கும்வரை 80 வோல்ற், கீழ் ஜெல்லில் 120. நீலக்கோடு அடிமட்டத்துக்கு ஒரு சென்றிமீற்றர் மேலே வந்ததும் நிறுத்துங்கள். தேத்தண்ணி குடிக்கப் போய் மறந்தால் பதினேழு போய்விடும்.

மெம்பிரேனுக்கு மாற்றுதல்

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள மெம்பிரேன். அதனூடாகச் சின்னப் புரதம் ஊடுருவி மறுபக்கம் போய்விடக்கூடும். 0.2 மைக்ரோமீற்றர் துளையுள்ள பிவிடிஎஃப் என்ற வகை மெம்பிரேன் வாங்குங்கள். அதை மெதனோலில் அரை நிமிடம் நனைத்து, பிறகு மாற்று பஃபரில் ஊறவையுங்கள். நனைக்காவிட்டால் நீரை ஏற்காது. ஜெல்லுக்கும் மெம்பிரேனுக்கும் இடையே உள்ள காற்றுக்குமிழை ஒரு குழாயால் உருட்டி வெளியேற்றுங்கள். 100 வோல்ற்றில் ஒரு மணிநேரம் போதும். தொட்டியைச் சுற்றி ஐஸ் போடுங்கள், பாதியில் கரையும், மாற்றுங்கள்.

முடிந்ததும் பொன்சோ எஸ் சிவப்புச் சாயத்தில் இரண்டு நிமிடம். எல்லாக் குழியிலும் கோடுகள் ஒரேமாதிரி தெரிந்தால் மட்டும் மேலே போங்கள். இந்தச் சாயம் மலிவு, கழுவினால் போய்விடும். பிறபொருளெதிரி விலை கூடியது. அதைக் கெட்டுப்போன மாற்றத்தின்மேல் ஊற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சிவப்புக் கோடுகள் இன்னும் தெரியும்போதே, ஜெல்லில் கூடவே ஓட்டிய, அளவு தெரிந்த நிறப் புரதக் குறியீட்டைப் பார்த்து, 25 கிலோடால்டன் அளவில் மெம்பிரேனைக் குறுக்காக வெட்டுங்கள். கீழ்ப்பாதி வெட்டிய கஸ்பேஸுக்கு. மேல்ப்பாதி, எல்லாக் குழியிலும் ஒரே அளவு ஏற்றினோமா என்று ஒப்பிட உதவும் அக்டின் என்ற புரதத்துக்கு, அது 42இல் வரும். அந்த ஒப்பீட்டுக்குக் கப்டிஎச் என்ற இன்னொரு புரதத்தை எடுக்கும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். அது 36 பக்கத்தில் வருவதால், முழுக் கஸ்பேஸ்-3ஐயும் பார்க்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்.

தடுப்பு, பிறகு பிறபொருளெதிரி

மெம்பிரேனில் புரதம் ஒட்டாத வெற்றிடங்களை மூட 5 வீதப் பால்மா, டிபிஎஸ்டி என்ற கழுவும் பஃபரில், ஒரு மணிநேரம். கொழுப்பு நீக்கிய, சீனி சேர்க்காத பால்மா. தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் முழு ஆடைப் பால்மாவைக் கரைத்துப் பார்த்தவர் ஒருவர், மெம்பிரேன் முழுக்க நெய் பூசினமாதிரி இருந்தது என்றார்.

பிறகு 1க்கு 1000 அளவில் முதற் பிறபொருளெதிரி. பத்து மில்லிலீற்றருக்குப் பத்து மைக்ரோலீற்றர். அப்படியானால் ஒரு ரியூபில் பத்துப் புளொட்தான் வரும். கீழ்ப்பாதி மெம்பிரேன் சின்னத் துண்டு என்பதால் அதை 50 மில்லிலீற்றர் ரியூபுக்குள், புரதப் பக்கம் உள்நோக்கியிருக்க, வைத்து மூன்று மில்லிலீற்றரில் உருட்டலாம். மூன்று மைக்ரோலீற்றர் மட்டும் செலவாகும். கரைப்பது பாலில் அல்ல, 5 வீத அல்புமினில், தரவுத்தாள் வேறு சொன்னால் அதன்படி. இரவு முழுக்க 4 பாகையில்.

சில வழிமுறைகளில் ‘அறை வெப்பத்தில் ஒரு மணிநேரம்’ என்று எழுதியிருக்கும். அந்த அறை 20, 25 பாகையில் இருக்கும் அறை. நம் வைகாசி மதியத்து அறை அல்ல. இரவில் குளிரறையில் விடுவதே எப்போதும் நல்லது.

காலையில் டிபிஎஸ்டியில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் கழுவுங்கள். பிறகு இரண்டாம் பிறபொருளெதிரி: எச்ஆர்பி என்ற, ஒளியை உண்டாக்கும் நொதியம் ஒட்டிய முயல் எதிரி 1க்கு 5000 போலத் தொடங்கி, ஒரு மணிநேரம். திரும்பவும் மூன்று கழுவல். இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பஃபரில் சோடியம் அசைட்டு போடும் வழக்கம். அசைட்டு எச்ஆர்பியை முடக்கிவிடும். முதற் பிறபொருளெதிரியைச் சேமிக்க 0.02 வீதம் போடலாம், பிறகு கழுவிப் போய்விடும். இரண்டாவதில் ஒரு துளியும் கூடாது. கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அது நல்ல நஞ்சு.

பாவித்த முதற் பிறபொருளெதிரியைத் திரும்பப் பாவிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பயிற்சிக்கு, இரண்டு மூன்று தடவை, பாவியுங்கள். கட்டுரையில் போடும் படத்துக்குப் புதிதாகக் கரையுங்கள்.

படம் எடுப்பது

ஒளிரும் கரைசலை விட்டுக் கருவியில் பத்து நொடியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். படக்கருவி இல்லாத இடத்தில், அல்கலைன் பொஸ்பற்றேஸ் ஒட்டிய இரண்டாம் பிறபொருளெதிரியும் நிறம் தரும் பிசிஐபி, என்பிடி கரைசலும் வாங்கினால் ஊதா நிறப் பட்டியைக் கண்ணாலேயே பார்க்கலாம், கைபேசியால் படம் எடுக்கலாம். இந்த வழியில் போனால் பிபிஎஸ் பாவிக்காதீர்கள், பொஸ்பேற்று அந்த நொதியத்தைத் தடுக்கும்.

என்ன வரவேண்டும்? கொன்ட்ரோல் குழியில் 17இல் ஒரு பட்டி, பல சமயம் அதற்குச் சற்று மேலே 19இல் இன்னொன்று. இரட்டையாக வந்தால் பிழையில்லை, நுனி கழன்றதும் கழலாததும்தான். மருந்து போடாத குழி வெறுமையாக இருக்கவேண்டும். வேறு எங்காவது தடித்த பட்டி வந்தால் அதைக் கஸ்பேஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

பட்டி வந்துவிட்டது, சரி. அந்தக் கத்தி உண்மையிலேயே வெட்டியதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு 8 வீத ஜெல் ஒன்று தனியாக ஓட்டி, பார்ப் புரதம் 116இலிருந்து 89 ஆகக் குறைந்திருக்கிறதா பாருங்கள். கூடவே ஒரு தட்டில் சாறு விடுவதற்கு ஒரு மணிநேரம் முன் சட்-வாட் என்ற கஸ்பேஸ் தடுப்பானைப் போட்டு, அப்போதும் கலம் சாகிறதா என்று பாருங்கள். சாவு நின்றுவிட்டால், வைவாவில் நிமிர்ந்து பேசலாம்.

மெம்பிரேனை எறியவேண்டாம். மூலையில் பென்சிலால் திகதியும் பிறபொருளெதிரியின் லொட் இலக்கமும் எழுதி, வடிதாள் இரண்டுக்கு நடுவில் காயவைத்து, குறிப்புப் புத்தகத்துக்குள் ஒட்டிவிடுங்கள். பிவிடிஎஃப் காய்ந்தாலும் மெதனோலில் நனைத்தால் திரும்ப உயிர்பெறும். அக்டின் எங்கே என்று மேற்பார்வையாளர் ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் அன்று மாலையே ஓட்டிக் காட்டலாம்.